லயத்துக் காம்பராவில் ஓர் அருங்காட்சியகம்: மலையக வீட்டுப் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பளைக்குப் பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பற்றியும், அங்கே வைக்கப்படும் வகையான பழைய வீட்டுப் பொருள்கள் பற்றியும் பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் அந்த அருங்காட்சியகத்தின் சார்பில் எழுதவில்லை. இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வீடுகளில் கிடக்கும் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

இந்த அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது? யார் தொடங்கியது?

கண்டி மாவட்டத்தில், கம்பளையை அடுத்த பாரதெக்கப் பகுதியில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் இதைத் தொடங்கியது. இதற்கென்று புதிதாக மண்டபம் எதுவும் கட்டவில்லை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயம் ஒன்றையே, அதாவது வரிசையாக அறைகளைக் கட்டிய நீண்ட கட்டடம் ஒன்றையே, அருங்காட்சியகமாக மாற்றிவிட்டார்கள். லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறை. மூன்று தலைமுறை ஆட்கள் அந்த ஓர் அறைக்குள் சமைத்து, பிள்ளை பெற்று, படுத்து எழும்பினார்கள். அதனால் அங்கே முதல் காட்சிப்பொருள் அந்தக் கட்டடம்தான். உள்ளே போனதும் கூரையின் உயரத்தையும் சுவருக்குச் சுவர் உள்ள தூரத்தையும் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஹந்தானையில் ஏற்கெனவே ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இருக்கிறது, நல்ல அருங்காட்சியகம்தான். 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையில் 2001இல் திறந்தார்கள். பழைய ரோலர்கள், உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் அங்கே உண்டு. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கே உண்டு. தேயிலை எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ள அங்கே போகலாம்.

ஆனால் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர் யார், கன்று சுமந்தவர் யார், அவர்கள் எதில் சோறு வடித்தார்கள், மழைக்கு எதைப் போர்த்தினார்கள் என்று கேட்டால் இயந்திரங்கள் பதில் சொல்லாது. பாரதெக்க லயம் சொல்லும். இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் நான் லயத்துக்குத்தான் அனுப்புவேன்.

என்ன மாதிரிப் பொருள்கள் அங்கே இருக்கின்றன?

வீட்டுச் சாமான்கள், தோட்ட வேலைக் கருவிகள், நகைகள், வாத்தியங்கள், பழைய போட்டோக்கள், அடையாளப் பத்திரங்கள், தொழிற்சங்க வரலாற்றைச் சொல்லும் ஆவணங்கள். பெரும்பாலும் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கியவை. அரசர் வாளோ தங்கக் காசோ தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இனிமேல் வரும் பதில்களில், அந்தக் கூடத்தில் உள்ளவற்றோடு நிற்காமல் மலையக வீடுகளில் பொதுவாகக் காணக்கூடிய பொருள்களைப் பற்றியும் சேர்த்தே பேசுகிறேன். உங்கள் வீட்டில் எதைத் தேட வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

கழுத்தில் தகரத் துண்டு தொங்கவிட்டுக் கூட்டிவந்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. தென்தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகர வில்லை கொடுத்தார்கள். நூல் கோக்க அதில் ஒரு துளை இருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதற்கு ஓர் எண், அந்த ஆளுக்கென்று ஓர் எண், இரண்டையும் தகரத்தில் அடித்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வழியில் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையில்லை. தகரத்தைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றி உரிய தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வழிச்செலவும் முகாம் செலவும் அந்த எண்ணைப் பார்த்தே தோட்டத்துக் கணக்கில் ஏறும். தோட்டக் கணக்கிலிருந்து அது, ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாக இறங்கும். வேலை தொடங்குவதற்கு முன்பே கடன் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சின்ன சாட்சி கிடைக்காது.

தூத்துக்குடிப் பக்கத்துத் தட்டப்பாறை, பிறகு மண்டபம் என்று முகாம்கள் இருந்தன. சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, உடம்பைச் சோதித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு பயணம் கொஞ்சம் எளிதானது. அதற்கு முந்திய தலைமுறையில் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாதையில்தான் 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள்.

வந்து சேர்ந்ததும் அந்தத் தகரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. எறிந்துவிடுவார்கள், அல்லது பிள்ளைகள் விளையாடித் தொலைத்துவிடுவார்கள். அதனால் இன்று ஒன்று கையில் கிடைப்பது பெரிய விஷயம். பழைய நகைப் பெட்டியிலோ சாமித் தட்டிலோ துளையிட்ட, எண் அடித்த தகர வில்லை ஒன்று கிடந்தால், தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அடித்த எண்ணின் விளிம்பு மழுங்கினால் அது எந்தத் தோட்டத்துத் தகரம் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

'துண்டு முறை' என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். துண்டு முறையில் சொல்லப்படும் துண்டு ஒரு கடதாசி. இன்ன ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை, அதாவது தோட்டத்து நிர்வாகி, எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் குறையாது, ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும். 1921இல் சட்டம் கொண்டுவந்து இந்த முறையை ஒழித்தார்கள். உங்களிடம் இருப்பது கடதாசியா தகரமா என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும், அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

பழைய கம்பளியை எல்லாமா வைப்பார்கள்?

கட்டாயம் வைக்க வேண்டும். மலையகத்துப் பொருள்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் கம்பளியைத்தான் எடுப்பேன். வெயிலைத் தவிர வேறெதுவும் பழகாத கீழ்நாட்டு ஆட்கள் நுவரெலியாக் குளிரில் நின்ற காலம் அது. தோட்டத்தில் முரட்டுக் கம்பளி கொடுப்பார்கள், இனாமாக இல்லை, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரவில் அது போர்வை. பகலில் கொழுந்தெடுக்கும்போது தலையிலிருந்து முதுகு வரை தொங்கும் மழைச் சட்டை. நனைந்த கம்பளியின் பாரம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதன் மேல் கூடைக் கயிறு, கூடைக்குள் ஈரக் கொழுந்து, காலடியில் வழுக்கும் சரிவு, காலைச் சுற்றி அட்டை.

பழைய கம்பளி ஒன்று கிடைத்தால் நெற்றிக்கு மேலே படும் இடத்தைப் பாருங்கள். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி அங்கே நூல் தேய்ந்து மெலிந்திருக்கும். சில கம்பளிகளில் அந்த இடத்தில் வேறு துணியை மடித்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பிரித்துவிட வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். ஒரு பெண்ணின் தலையில் எவ்வளவு பாரம் எத்தனை காலம் இருந்தது என்பதற்கு தோட்டத்து வேலைப் பதிவேடான எந்தச் செக்ரோலிலும் அப்படி ஒரு பதிவு கிடையாது.

இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்கும் இதே மதிப்பு உண்டு. தேயிலை வாது குத்திக் கிழித்த தடமெல்லாம் அதில் இருக்கும். மூங்கில் கூடை, மட்டம் பார்க்கச் செடியின் மேல் கிடத்தும் கம்பு, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்ணைக் குத்திக் கிளறும் முள்ளு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடைகள் இப்போது வேகமாக மறைகின்றன. சாக்கும் நைலோன் பையும் வந்துவிட்டன.

அரிசி அளந்த பால் டின்னுக்குமா அருங்காட்சியகத்தில் இடம்?

ஏன் இல்லை? டின்பால் பேணிதான் எங்கள் வீடுகளில் சுண்டு. ஒரு சுண்டு அரிசி என்றால் அந்தப் பேணி நிறைய. பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்குவதும் அதில்தான், திருப்பிக் கொடுப்பதும் அதில்தான். தோட்டத்தில் அரிசி போட்ட காலத்தில் அதன் விலையும் சம்பளத்தில் கழியும். மாதக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு என்று வீட்டுப் பெண்கள் இந்தப் பேணியை வைத்தே கணக்குப் போட்டார்கள்.

அம்மி, உரல், திருகை, குப்பி விளக்கு, தேத்தண்ணிக் கோப்பை, ரொட்டிக் கல் எல்லாமே இதே வரிசைதான். இவற்றில் ஒன்றும் அபூர்வம் இல்லை, அதனால்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை. அபூர்வமானதை எப்படியும் யாராவது காப்பாற்றிவிடுவார்கள். எல்லா வீட்டிலும் இருந்த ஒன்றுதான் ஒரே தலைமுறையில் எல்லா வீட்டிலிருந்தும் காணாமல் போகிறது.

கடதாசிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எங்கள் சனத்தின் தலையெழுத்தைக் கடதாசிதான் தீர்மானித்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த 1948இலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் பிறப்புவழிப் பிரஜை. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பதிவு எடுத்து வைத்தார்கள்? இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்து 1949இல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கென்று இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கல்யாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

இந்த இடத்தில்தான் ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த குப்பைக் கடதாசிகளுக்கு உயிர் வந்தது. சம்பளச் சீட்டு, கடைக்காரர் எழுதிய பற்றுச்சீட்டு, ஆஸ்பத்திரித் துண்டு, பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சான்று, கோயில் திருவிழாவுக்குப் பணம் கட்டிய ரசீது என்று இங்கேதான் இருந்தோம் என்பதற்கு எதையெல்லாம் காட்ட முடியுமோ அதையெல்லாம் சேர்த்தார்கள். ஊருக்குப் போய்வந்த கப்பல் டிக்கெட் ஒன்று இருந்தால் அதுவே எதிராகவும் திரும்பலாம், தொடர்ந்து இருக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் எதை வைப்பது, எதை எரிப்பது என்பதும் ஒரு முடிவுதான். மலையக வீடுகளில் பழைய கடதாசியை எளிதில் எறிய மாட்டார்கள். பாட்டிமார் மஞ்சள் துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள். பயம்தான் காரணம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மிஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர்ந்தது. 55 வருடம்!

ஆகவே உங்கள் வீட்டில் உள்ள பழைய கடதாசி எந்த மொழியில் இருந்தாலும், பாதி கிழிந்திருந்தாலும், என்னவென்று புரியாவிட்டாலும், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எறிய வேண்டாம். இதை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்.

இந்தியாவுக்குப் போனவர்களிடமும் இப்படிப் பொருள்கள் இருக்குமா?

நிறைய இருக்கும். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ என்கிற தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இங்கே கொழுந்தெடுத்த கைகள் அங்கேயும் கொழுந்தெடுத்தன. வேறு பலர் நூற்பாலைகளுக்கும், எங்கெங்கோ முகாம்களுக்கும் போனார்கள். அதே மண்டபம் முகாம் வழியாகத்தான் இவர்களில் ஏராளமானோர் திரும்பவும் உள்ளே வந்தார்கள். பாட்டன் தகரத்தோடு புறப்பட்ட வாசலில் பேரன் குடும்ப அட்டையோடு வந்து நின்றான்.

அந்தக் குடும்ப அட்டைதான் அவர்கள் வீடுகளில் முதலில் தேட வேண்டியது. குடும்பத்தில் யார் யார், வயது என்ன, எங்கே போகிறார்கள், என்ன உதவி கிடைக்கும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் நடந்தது. அடுத்தது போட்டோ. புறப்படுவதற்கு முன் ஹட்டன், கண்டி, பதுளை என்று பக்கத்து டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பிடித்துக்கொள்வார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று அரசாங்கம் பிரித்துவிட்டதால், இரண்டு நாட்டிலும் ஒரே படத்தின் பிரதி சுவரில் தொங்கும். பின்னால் வரைந்த மாளிகைத் திரை, முன்னால் வெறுங்காலோடு பெரியவர்கள், புதுச்சட்டையில் பிள்ளைகள், யாருமே சிரிக்காத முகம். அப்படி ஒரு படம் உங்களிடம் இருந்தால் கடல் தாண்டி இருக்கும் சொந்தத்திடம் மற்றப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டின் முதுகிலும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடிதம்தான். அந்த வான்கடிதங்களும் நினைவுப் பொருள்களே.

வெள்ளைக்காரர் காலத்துத் தபாலட்டைகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் படம் இருக்கிறதே, அதையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வேறு வரிசையில். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே அண்ட் கோ போன்ற படக்கடைகள் இலங்கைக் காட்சிகளைத் தபாலட்டையாக அச்சிட்டுக் கப்பல் பயணிகளுக்கு விற்றன. யானை, தென்னை, பெரஹரா, அவற்றோடு கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண். அடியில் 'தமிழ்க் கூலிகள்' என்கிற மாதிரி ஒரு வரி மட்டும் இருக்கும். பெயர் இருக்காது, தோட்டமும் பல சமயம் இருக்காது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றிருப்பார்கள். நகையைப் போட்டுக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, கமராவைப் பார்த்தபடி.

அது வந்து பார்த்துவிட்டுப் போனவர்களின் நினைவுப் பொருள். இன்றைக்கும் கண்டியிலும் நுவரெலியாவிலும் விற்கிற மரப்பொம்மைக் கொழுந்துக்காரியும், தேயிலை டின்னில் சிரிக்கிற பெண்ணும் அதே வழியில் வந்தவைதான். நான் அவற்றை வெறுக்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய தண்டட்டியையும் மூக்குத்தியையும் சேலைக் கட்டையும் பார்க்க அந்த அட்டைகளை விட்டால் நமக்கு வேறு வழி குறைவு. ஆனால் காட்சிக்கு வைக்கும்போது அதன் பக்கத்திலேயே ஒரு குடும்பத்துப் போட்டோவையும் வைக்க வேண்டும், அதில் உள்ள ஒவ்வொருவர் பெயரோடும்.

தப்பு மேளம், காமன் கூத்துச் சாமான்களைக் கண்ணாடிக்குள் வைப்பது சரியா?

பழுதானதை வைக்கலாம். வாசிக்கக் கூடியதை வாசிக்கிறவர் கையில் விடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்பியது தப்புச் சத்தம்தான். கல்யாணமும் சாவும் திருவிழாவும் அதே தப்பில்தான். மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தப்பை நெருப்பில் காய்ச்சி வாசித்தால்தான் அதற்கு உயிர். ஆகவே அடியின் வகைகளையும் அவற்றின் பெயர்களையும் சொல்லும் பெரியவரைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். அது பொருளைவிட முந்தி அழிந்துவிடும்.

தொழிற்சங்கத் தலைவர்கள் பற்றிய பொருள்கள்?

உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்து, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசய்யரும், கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டிய அவர் மனைவி மீனாட்சியம்மையும் இந்த வரலாற்றின் தொடக்கம். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கோவிந்தனை மலையகத்தின் முதல் தியாகி என்கிறோம். தலைவர்களின் படம் எங்கும் கிடைக்கும். கிடைக்காமல் இருப்பது சாதாரண அங்கத்தவரின் சந்தா அட்டை, வேலைநிறுத்தத்தில் நின்றவருக்கு வந்த வேலைநீக்கக் கடிதம். வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. கொடுக்க நினைக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

எந்த ஊர் அருங்காட்சியகமாக இருந்தாலும் சரி, கையில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள். ஒரு தாளில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: நன்கொடையா, இரவலா, உங்கள் பெயரைப் போடலாமா, வேண்டாமா. இரவல் என்றால் எவ்வளவு காலத்துக்கு என்பதையும் எழுதுங்கள். பிறகு வீட்டில் பிள்ளைகளுக்குள் சண்டை வராது.

அதைவிட முக்கியம், பொருளோடு கதையையும் கொடுப்பது. ஒரு பித்தளைச் செம்பு மட்டும் போனால் அது ஒரு பித்தளைச் செம்பு, அவ்வளவுதான். யாருடையது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், எப்படி வந்தது, எதற்குப் புழங்கியது, யார் எப்போது விட்டார்கள் என்று நாலு வரி எழுதினால்தான் அது ஒருவருடைய வாழ்க்கையில் போய் ஒட்டும். 'திருச்சிப் பக்கம் துறையூரிலிருந்து பூட்டி சீராகக் கொண்டுவந்தது, பெயர்வெட்டு அவளுடையது, நகையெல்லாம் அடகுக்குப் போனபோதும் இது போகவில்லை' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் விளக்கப் பலகை வேண்டியதில்லை. தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். 'அம்மா சொன்னது' என்றால் 'அம்மா சொன்னது' என்றே எழுதுங்கள்.

கொடுக்க மனம் வரவில்லை. வீட்டிலேயே எப்படிப் பாதுகாப்பது?

தாராளமாக வீட்டிலேயே வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் குவிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மலைநாட்டில் முதல் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், எங்கள் பக்கம் அது வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். ஆகவே பெட்டியைச் சுவரோடு ஒட்டியும் தரையிலும் வைக்காதீர்கள், இரண்டு செங்கல் மேல் வையுங்கள். வெயில் காயும் நாளில் திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் கூடாது, மை வெளிறிவிடும்.

கடதாசியை லேமினேட் செய்யவே கூடாது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, கடதாசியும் அதோடு போய்விடும். செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை இறங்கும். கிழிந்ததைக் கிழிந்தபடியே ஒரு வெள்ளைத் தாளுறைக்குள் மட்டமாக வையுங்கள். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் நல்ல கடதாசியையும் பழுப்பாக்கும். எழுத வேண்டுமென்றால் பென்சிலால் எழுதுங்கள், அதுவும் ஓரத்தில்.

போட்டோவை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள ஆல்பங்கள் படத்தைத் தின்றுவிடும், இப்போதே கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுக்காமல், பக்கத்தோடு வெட்டி எடுத்து வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிய படத்துக்கும் அதேதான், பிரிக்காமல் அப்படியே போனில் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், முன்பக்கமும் பின்பக்கமும்.

கூடையில் மாவு கொட்டினால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். பெரிய பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல் ஒருநாள் விட்டுப் பிறகு பிரியுங்கள். கம்பளிக்கும் இது நல்லது. பூச்சிக்கு அந்துருண்டை போடுவதைக் கூடியவரை தவிருங்கள், மூடிய அறையில் அந்த வாசனையைச் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு. வேப்பிலை போடுவதென்றால் நன்றாகக் காயவைத்து, துணி முடிச்சில் கட்டி, பொருளில் படாமல் வையுங்கள்.

பித்தளை, செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துலக்கலிலும் பெயர்வெட்டு கொஞ்சம் தேய்கிறது. காய்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்.

உடைந்தது, ஓட்டையானது வாங்குவார்களா?

கேட்டுப் பாருங்கள். ஈயம் வைத்து அடைத்த ஓட்டைப் பானைக்கு, புதுப் பானையிடம் இல்லாத கதை இருக்கிறது.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் நல்ல விலை தருகிறார்கள். விற்றால் தப்பா?

தப்பென்று நான் எப்படிச் சொல்வேன்? வீட்டுக் கஷ்டம் அவரவருக்குத் தெரியும். விற்பதற்கு முன் இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து. வீட்டில் மூத்தவரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். வியாபாரிக்குப் பித்தளையின் நிறை போதும், கதையை அவர் கேட்கமாட்டார். அடையாளப் பத்திரங்களை மட்டும் விற்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு என்றைக்காவது ஓர் அலுவலகத்தில் தேவைப்படலாம்.

போய்ப் பார்ப்பது எப்படி?

கொழும்பு – பதுளை ரயில் பாதையில் கம்பளையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பாரதெக்கப் பக்கம் போகலாம். போகும் முன் சமூக அபிவிருத்தி நிறுவனத்தோடு பேசி நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய இடம். மழை எப்போதும் வரலாம், குடையும் வழுக்காத செருப்பும் வேண்டும்.

வழியில் நீங்கள் கடக்கும் லயங்களில் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவை காட்சிப்பொருள் இல்லை. வாசலில் நிற்பவரைப் படம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் பேச்சுக் கொடுங்கள், கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும் நேரம் என்றால் குறுக்கே போகாதீர்கள், ஒவ்வொரு கிலோவும் அவர்களுக்குக் கணக்கு. வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் கூடையையோ உரலையோ பார்த்ததும் அவர்கள் பேசத் தொடங்குவார்கள், அப்போது போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிடுங்கள்.